பட்டர்வொர்த்தில் ஓட்டு போடும் சேவை: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு நான்கு. 2022 நவம்பர் 19 மலேசியப் பொதுத் தேர்தலிலும் 2023 ஆகஸ்ட் 12 பினாங்கு சட்டமன்றத் தேர்தலிலும் பட்டர்வொர்த்தில் நான் ஓட்டு போட்ட ஏற்பாடு முழுவதற்கும் சேர்த்துத்தான் இந்த நான்கு. பெயரைத் தேடிப் பார்க்கிற செயலி, ஊருக்குப் போகிற பயணம், பள்ளிக்கூடத்து வரிசை, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள், மாலை ஆறு மணிக்குப் பிறகு நடக்கும் எண்ணிக்கை, எல்லாம் இதில் அடக்கம். யாருக்குப் போட்டேன் என்பது இந்த விமர்சனத்தில் வராது.

வேலை எனக்குக் கோலாலம்பூரில், செந்தூலில் வாடகை வீடு, ஆனால் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கும் முகவரி அம்மா இருக்கும் பட்டர்வொர்த் வீடு. அதனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஊருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன் யாராவது ஒருவர் கேட்கிறார், போட்டு என்ன ஆகப் போகுது என்று. ஆபீசில் கேட்கிறார்கள், மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் கேட்கிறார்கள், கடைசியாகக் கேட்டது என் தம்பி. "அக்கா, பாகான்ல யாரு ஜெயிப்பான்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். உன் ஒரு ஓட்டுல என்ன மாறப் போகுது? பஸ்ஸுக்குக் குடுக்கிற காசை அம்மாவுக்கு அனுப்பிவிடு."

அவன் சொல்வதில் தப்பு இல்லை. எங்கள் வீடு இருக்கும் பாகான் நாடாளுமன்றத் தொகுதியை 2008-லிருந்து டிஏபி கட்சியின் லிம் குவான் எங் வைத்திருக்கிறார், அதுவும் பத்தாயிரக்கணக்கான ஓட்டு வித்தியாசத்தில். நான் போனாலும் போகாவிட்டாலும் அந்த முடிவு மாறாது. இன்னும் பெரியதாகப் பார்த்தால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. 2018 மே 9-ஆம் தேதி புதன்கிழமையில் தேர்தல் வைத்தார்கள், அப்படியும் நூற்றுக்கு 82 பேருக்கு மேல் வந்து ஓட்டு போட்டோம், சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக மத்திய அரசு கைமாறியது, 22 மாதம்கூட நிலைக்கவில்லை. 2020 பிப்ரவரி கடைசியில் எம்பிக்கள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனார்கள், அரசாங்கம் விழுந்தது, எங்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. அப்புறம் தொகுதி அளவு. 2022-ல் சிலாங்கூரின் பாங்கியில் மூன்று லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் முப்பதாயிரத்துக்கும் குறைவு, இரண்டுக்கும் ஒரே ஒரு எம்பி. அதோடு நம்மவர் கணக்கு ஒன்று இருக்கிறது: மொத்தம் 222 நாடாளுமன்றத் தொகுதி, அதில் ஒன்றில்கூட இந்தியர் பெரும்பான்மை கிடையாது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் அவரைப் பொறுப்பில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். 2022 மார்ச்சில் ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில் வாக்காளர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தார்கள், அவர்களுக்கும் இதே களைப்பு இருந்திருக்கும்.

இருந்தும் நான் போகிறேன். ஏன் என்று சொல்ல, அந்தச் சேவையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

செயலியிலிருந்து ஆரம்பிக்கலாம். தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக்கில் ஐசி நம்பரைத் தட்டினால் தொகுதி, எந்தப் பள்ளி, எத்தனையாவது சாலுரான் (ஓட்டு போடும் அறை, அதன் வரிசை), பட்டியலில் உங்கள் வரிசை எண், எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடுகிறது. நன்றாக வேலை செய்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2021 டிசம்பர் 15-லிருந்து பதிவு தானாக நடக்கிறது, வயதும் 21-லிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு முன் தபால் நிலையத்துக்குப் போய் பாரம் நிரப்ப வேண்டும், அந்தச் சோம்பலிலேயே முப்பது வயது வரை பதியாமல் இருந்த கூட்டாளிகள் எனக்கு உண்டு. 2018-ல் ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த வாக்காளர் பட்டியல் 2022-ல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியதற்குக் காரணம் இதுதான். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும், பதிவு ஐசி முகவரியைப் பார்த்துத்தான் நடக்கிறது. தோட்டம் போய் வீட்டுமனை வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரியையே ஐசியில் வைத்திருக்கிறவர்கள் நம்மில் நிறைய. அவர்கள் ஓட்டு இன்றைக்கும் அந்தத் தோட்டத்துத் தொகுதியில்தான் இருக்கும்.

பயணத்துக்குத்தான் ஒரு நட்சத்திரத்தைக் கழித்தேன். வெளிநாட்டில் இருக்கிற மலேசியர் தபாலில் ஓட்டு போடலாம். கோலாலம்பூரில் வேலை செய்கிற பினாங்குக்காரர், குறிப்பிட்ட சில வேலைகளில் இல்லாவிட்டால், நேரில்தான் போக வேண்டும். சபா, சரவாக்கிலிருந்து இங்கே வந்து வேலை பார்க்கிறவர்கள் விமான டிக்கெட் வாங்க வேண்டும், அவர்களை நினைத்தால் என்னுடைய பஸ் ஒன்றுமே இல்லை. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், வசதியான பயணம், ஆனால் தேர்தல் தேதி அறிவித்ததும் டிக்கெட் பறந்துவிடும். 2022-ல் எனக்குக் கிடைத்தது டிபிஎஸ் பஸ் நிலையத்திலிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் பஸ். பேர் வேண்டாம், ரொம்ப நேரம் தாமதமாக வந்தது, காரணம் கேட்டால் பதில் சொல்ல கவுண்டரில் ஆள் இல்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுக்க சிவப்பு விளக்கு. பக்கத்து சீட்டில் ஒரு மலாய்ப் பையன், காலேஜ் முதல் வருஷம், அதுதான் அவனுக்கு முதல் ஓட்டு. டிக் போடணுமா பெருக்கல் குறி போடணுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். பெருக்கல் குறி, கட்டத்துக்குள்ளேயே போடு, வெளியே போகாமல் பார்த்துக்கொள் என்றேன். தைப்பிங் தாண்டுகிற வரைக்கும் அவன் கைப்பேசியில் தன் தொகுதி வேட்பாளர்களைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டே இருந்தான். அந்தப் பஸ்ஸில் பாதிப் பேர் அப்படித்தான், எல்லோரும் சொந்தக் காசு போட்டு, லீவு போட்டு, ஒரு பெருக்கல் குறிக்காக வடக்கே போகிறவர்கள். 2018-லும் இதைப் பார்த்தேன். வேலைநாளில் தேர்தல் என்றதும் முன்பின் தெரியாதவர்கள் காரில் இடம் கொடுத்தார்கள், மாணவர்களுக்கு டிக்கெட் காசு கொடுத்தார்கள், வெளிநாட்டு விமான நிலையங்களில் யார் யாருடைய ஓட்டு உறைகளையோ வாங்கி வந்து உரிய இடத்தில் சேர்க்க ஆள் தேடினார்கள். ஓட்டு வீண் என்று நினைக்கிற ஜனங்கள் இப்படிச் செய்யமாட்டார்கள்.

இப்போது வாக்குச்சாவடி. எங்களுடையது ஒரு ஆரம்பப் பள்ளி. வாசலுக்கு வெளியே கட்சிக்காரர்களின் பாருங் (கூடாரங்கள்), உள்ளே நுழைந்தால் அந்தச் சத்தம் எல்லாம் நின்றுவிடுகிறது. சாலுரான் வயதைப் பார்த்துப் பிரிப்பது, முதல் சாலுரானில் மூத்தவர்கள், கடைசியில் புதுசாகப் பதினெட்டு ஆனவர்கள். அதனால் அம்மா ஒரு வகுப்பறை, நான் வேறொரு வகுப்பறை. அம்மாவுக்கு முழங்கால் வலி, கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்த ஒரு ஊழியர் எழுந்து வந்து நாற்காலி போட்டு, முன்னால் அனுப்பிவைத்தார். என் வரிசை நீளம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கூரை பாதி தூரம்தான். தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துப் போங்கள்.

உள்ளே நடப்பது மூன்று மேசை. முதல் கிராணி (எழுத்தர்) ஐசியை வாங்கிப் பட்டியலில் பார்த்து, பெயரையும் எண்ணையும் சத்தமாக வாசிக்கிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்டுகள் தங்கள் பட்டியலில் அந்தப் பெயரைக் கோடு போட்டு அடிக்கிறார்கள். இரண்டாவது கிராணி இடது கை ஆள்காட்டி விரலில் மை வைக்கிறார். மூன்றாமவர் வாக்குச்சீட்டைத் தருகிறார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நீங்கள், ஒரு பேனா, அவ்வளவுதான். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தால், வரிசையில் நின்ற நேரத்தோடு ஒப்பிட இது ஒன்றுமே இல்லை.

அந்த முதல் மேசையில் கொஞ்சம் நிற்க வேண்டும், எனக்கு இந்த முழுச் சேவையிலும் முக்கியமான இடம் அதுதான். எனக்கு முன்னால் ஒரு சீனப் பெரியவர், பின்னால் மோட்டார் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு மலாய் இளைஞர். மூன்று பேர் பெயரையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் வாசித்தார்கள். என் பெயர் நீளம், அப்பா பெயர் அதைவிட நீளம், நடுவில் மகள் என்பதற்கான மலாய்ச் சொல் 'அனாக் பெரெம்புவான்' வேறு. அந்தக் கிராணி, தோற்றத்துக்கு ஆசிரியை மாதிரி இருந்தார், ஒரு எழுத்தையும் விழுங்காமல் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அந்தக் குரலில் என் பெயரைக் கேட்கும்போது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது.

பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அங்கேயே கிழவியானவர். பிறந்ததற்குப் பத்திரம் இல்லை. கடைசி வரைக்கும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசிதான். குடிமக்களுக்கான நீல ஐசி இல்லாததால் ஒரு தேர்தலிலும் அவர் ஓட்டு போட்டதில்லை. அம்மா அடிக்கடி சொல்கிற ஒன்று உண்டு. தேர்தல் நேரத்தில் லயத்துக்குக் கட்சிக்காரர்கள் கூட்டமாக வருவார்களாம், வீடு வீடாக நின்று கும்பிட்டு, என்ன குறை, தண்ணீர் வருதா, பிள்ளைகள் படிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வருவார்களாம். பாட்டி வீட்டு வாசலுக்கு வந்ததும் கூட வந்த உள்ளூர் ஆள், "இந்தம்மாவுக்கு ஓட்டு இல்ல" என்பாராம், உடனே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்களாம். பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றபடியே இருப்பாராம். அவருக்கும் குறைகள் இருந்தன. கூரை ஒழுகியது, தாத்தாவுக்கு இருமல், சொல்வதற்கு நிறைய இருந்தது.

என் தம்பியிடம் நான் சொன்னது இதைத்தான். ஓட்டு யாரை ஜெயிக்க வைக்கிறது என்பது ஒரு கேள்வி. யார் வீட்டு வாசலில் ஆள் நிற்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு என் ஓட்டு பாகானில் ஒன்றும் செய்யாது, சரி. இரண்டாவதற்குச் செய்யும்.

எப்படி என்பதை விளக்கியவர் எங்கள் மாமா, பல தேர்தலில் எண்ணும் ஏஜென்டாக உட்கார்ந்தவர். ஆறு மணிக்குக் கதவை மூடியதும் அதே வகுப்பறையில், அதே மேசையில் பெட்டியைத் திறப்பார்கள். ஒவ்வொரு சீட்டையும் விரித்து எல்லா ஏஜென்டுக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டுவார்கள். எண்ணி முடித்ததும் போராங் 14 என்கிற பாரத்தில் அந்த சாலுரானின் கணக்கை எழுதி, ஏஜென்டுகள் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் கொண்டுபோவார்கள். அதாவது, கணக்கு தொகுதி அளவில் மட்டும் நிற்பதில்லை. இந்தப் பள்ளியில், இந்த வயதுக்காரர்கள் எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கட்சிக்கு எத்தனை விழுந்தது என்று ஒவ்வொரு கட்சிக்காரர் கையிலும் தாள் இருக்கிறது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. வந்தீர்களா இல்லையா என்பது, பட்டியலில் கோடு அடித்தவருக்குத் தெரியும். மாமா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நம்ம தாமான்ல (குடியிருப்புல) இருந்து வரிசை நீளமா இருந்தா அடுத்த வருஷம் கால்வாய் அடைப்புன்னு போன் பண்ணா எடுப்பான். வரிசை காலியா இருந்தா யாரு போன் பண்றான்னே தெரியாது அவனுக்கு." ஜெயித்தவருக்கும் சரி, தோற்றவருக்கும் சரி, அடுத்த தேர்தலுக்கு வேலை ஆரம்பிக்கிற இடம் அந்தத் தாள்தான். எந்தத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை என்கிற அதே கணக்கு, வந்து நிற்கிற கூட்டமாக இருந்தால்தான் நம்மைப் பார்ப்பார்கள் என்றும் சொல்கிறது. சிறுபான்மை வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்தத் தாளில் அது இல்லவே இல்லை. அப்படி இல்லாமல் போவது பாட்டிக்கு யாரோ செய்தது. அதை எனக்கு நானே செய்துகொள்ள மனசு வரவில்லை.

ஒரு ஓட்டில் யார் ஜெயித்தார் தோற்றார் என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இல்லாமல் இல்லை, என் தொகுதியில் இல்லை, அவ்வளவுதான். கேமரன் மலையில் டிஏபி வேட்பாளர் மனோகரன் 2013-ல் 462 ஓட்டில் தோற்றார், 2018-ல் மறுபடி நின்று 597 ஓட்டில் தோற்றார். 2018 முடிவைத் தேர்தல் நீதிமன்றம் செல்லாது என்று ரத்து செய்தது, 2019 ஜனவரியில் அந்த ஊர் ஜனங்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள். 2022-ல் பாகான் டத்தோவில் ஸாஹிட் ஹமிடி ஜெயித்தது 348 ஓட்டில், அடுத்த சில வாரங்களிலேயே அவர் துணைப் பிரதமர். பாகான் டத்தோவில் நம்மவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அங்கே பதிவு வைத்துக்கொண்டு கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர் அன்றைக்கு ஊருக்குப் போகவில்லை என்று யோசித்துப் பாருங்கள், எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் சரி.

2020-ல் எம்பிக்கள் தாவியது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை ரொம்ப நாள் வாட்டியது அதுதான். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டோம், அந்தக் கோபம் காற்றில் போகவில்லை. 2022 ஜூலையில் கட்சித் தாவல் தடைச் சட்டம் மக்களவையில் நிறைவேறியது, அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஓட்டைகள் அதில் இருக்கின்றன, தனி ஆள் தாவினால்தான் பதவி போகும், கட்சி மொத்தமாக அணி மாறினால் போகாது. ஆனாலும் அதற்கு முன் அதுவும் இல்லை. அழியாத மையையே எடுத்துக்கொள்ளுங்கள், 2008-ல் வாங்கி வைத்துவிட்டுத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு வேண்டாம் என்றார்கள், நேர்மையான தேர்தல் கேட்ட பெர்சே இயக்கத்தின் பேரணிகளில் ஜனங்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள், 2013-ல் வந்தது, அந்த வருஷம் கழுவினால் போகிறது என்று புகார் எழுந்தது. இப்போது என் நகக்கணுவில் ஏறிய மை, மறுவாரம் ஆபீசில் தட்டச்சு செய்யும்போதும் தெரிந்தது. இந்தச் சேவையில் நன்றாக இருக்கிற ஒவ்வொன்றும், கேட்டு வாங்கியது. வாங்கியவர்கள் ஓட்டு போடுகிறவர்கள்.

குறைகளை மறைக்கவில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்கு எல்லாப் பள்ளியிலும் படி ஏறாமல் போக வழி வேண்டும், எங்கள் பள்ளியில் அம்மாவுக்கு நாற்காலி கொடுத்தது அந்த ஊழியரின் நல்ல மனசு, அதை ஏற்பாடாக ஆக்கிவிட்டால் நல்லது. வாசலில் தமிழில் ஒரு அறிவிப்புகூட இல்லை, பெரியவர்கள் எந்த சாலுரான் என்று தெரியாமல் பள்ளியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் யாராவது கைப்பேசியில் பார்த்துச் சொல்லும் வரைக்கும். தொகுதி அளவு வித்தியாசத்தைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன், அதற்கு இன்னொரு நட்சத்திரத்தைக் கழித்திருக்கலாம், ஆனால் அது வாக்குச்சாவடியில் இருப்பவர்கள் கையில் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

தம்பி 2023-ல் வரவில்லை. நான் திட்டவும் இல்லை. ஆனால் மாமா சொன்ன போராங் 14 கதையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நம்ம சாலுரான்ல எத்தனை பேரு வந்தாங்கன்னு மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். மாமாவிடமே கேள் என்று நம்பரைக் கொடுத்தேன்.

இப்போதைய நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19-ல் முதல் தடவை கூடியது. ஐந்து வருஷக் கணக்குப்படி 2027 டிசம்பரில் தானாகக் கலையும், அதிலிருந்து 60 நாளுக்குள் தேர்தல், அதற்கு முன்னாலும் வரலாம். கோலாலம்பூரிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்கள் ஐசி முகவரியை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் மாற்றினால் பட்டியலில் ஏறாது. ஊரிலேயே ஓட்டை வைத்துக்கொள்கிறவர்கள் தேதி அறிவித்த அன்றைக்கே ரயில் டிக்கெட்டைப் பாருங்கள். நாட்டுக்குள்ளேயே தூரத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தபால் ஓட்டு வருகிற நாளில் அந்த ஐந்தாவது நட்சத்திரத்தையும் நான் போட்டுவிடுவேன்.